சொம்புக்கு என்ன நிறம்?

ஓவிய ஆசிரியரே, உன்னைத்தான் கேட்கிறேன். முப்பது வருடம் சாக்பீஸ் பிடித்தவன், வயதில் மூத்தவன் என்கிற உரிமையில் ‘நீ’ என்றே கேட்கிறேன்.

நேற்று கரும்பலகையில் என்ன வரைந்தாய்?

இரண்டு மலை. நடுவே சூரியன். அடியில் ஓர் ஆறு. ஆற்றோரம் ஒரு குடிசை, அதன் மேல் சாய்ந்த தென்னை. வானத்தில் நாலு பறவை.

இல்லை என்று சொல், பார்க்கலாம்!

நாற்பது பிள்ளைகள் அதைப் பார்த்து வரைந்தார்கள். நாற்பது நோட்டிலும் ஒரே மலை. உன் ஊரில் மலை இருக்கிறதா? அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஆற்றங்கரைக் குடிசையில் இருக்கிறார்கள்?

பிறகு எதற்கு அந்த மலை?

நான் சொல்லட்டுமா? பயம்!

அந்த மலை உனக்குக் கண்ணைக் கட்டினாலும் வரும். ஒரு நாளும் தப்பாது. வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும்போது கை நடுங்கிவிடக் கூடாது என்று அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறாய்.

எனக்கு எப்படித் தெரியும்? அதே மலைக்குப் பின்னால் நான் பதினொரு வருடம் ஒளிந்திருந்தேன்.

ஒரு நாள், என்ன தோன்றியதோ, ஏழாம் வகுப்பில் மேசைமேல் ஓர் அலுமினியத் தூக்குவாளியை வைத்தேன். ‘இதைப் பார்த்து வரையுங்கள், வண்ணமும் கொடுங்கள்’ என்றேன்.

எல்லாரும் சாம்பல் நிறத்தில் தீட்டினார்கள். ஒரு பெண் மட்டும் தூக்கின் அடியைச் சிவப்பாக்கி, மேலே போகப் போக ஆரஞ்சாக்கி, விளிம்பில் நீலத்தை வைத்திருந்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு சுழி. ‘தூக்கு இந்தக் கலர்லயா இருக்கும்?’

‘அடியில சூடு, சார்’ என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

நான் காதில் வாங்கவில்லை. அந்த வருடம் முழுக்க அவள் வண்ணத்தைத் தொடவில்லை. பென்சில்தான்.

சில வருடம் கழித்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில், பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் ஓவியங்கள் அச்சான புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். ஒரு பெண்ணின் முகம். நெற்றியிலிருந்து மோவாய் வரை நடுவே பச்சைக் கோடு. ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் ரோஜா நிறம்.

அவர் தன் மனைவியை வரைந்த ஓவியம் அது. 1905.

கடைக்குள் நின்றபடியே எனக்கு வியர்த்துவிட்டது. உலகம் கண்ணாடிச் சட்டம் போட்டுக் காக்கிற ஒன்றை என் வகுப்பில் ஒரு பிள்ளை தானாகவே தொட்டிருந்தாள். அதன் மேல்தான் நான் சுழி போட்டிருக்கிறேன்!

நீ எத்தனை சுழி போட்டிருக்கிறாய்? எண்ணிப் பார்த்தாயா?

சரி. அழுது என்ன பயன்? நிமிர்ந்து உட்கார். வேலை இருக்கிறது.

‘எனக்கே மாடர்ன் ஆர்ட் புரியாது. நான் எப்படிச் சொல்லித்தருவது?’ இதுதானே உன் முதல் சாக்கு?

புரிய என்ன இருக்கிறது அதில்? மத்தீஸ் யார்? ஓவியர் பரம்பரையா? சட்டம் படித்துவிட்டு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர்! இருபது வயதில் குடல்வால் நோய் வந்து படுத்தபோது, பொழுது போகட்டும் என்று அவர் அம்மா ஒரு வண்ணப்பெட்டி வாங்கித் தந்தார். அங்கிருந்துதான் தொடக்கம்.

அதே 1905இல் பாரிஸ் கண்காட்சியில் அவரும் நண்பர்களும் படங்களை மாட்டினார்கள். தொப்பி வைத்த பெண் ஒருத்தி, முகமெல்லாம் பச்சையும் ஊதாவுமாக. வந்தவர்கள் சிரித்தார்கள். லூயி வாக்செல் என்ற விமர்சகர் ‘காட்டு விலங்குகள்’ என்றே எழுதிவிட்டார்.

ஓடிப்போனார்களா? அந்த வசவையே தங்கள் இயக்கத்தின் பெயராக வரலாற்றில் நிறுத்திவிட்டார்கள். ஃபோவிசம் என்றால் அதுதான். விலங்கு என்று திட்டு வாங்கிய பெயர்.

உன்னை யாராவது அப்படித் திட்டியிருக்கிறார்களா? இல்லையே! திட்டுவார்களோ என்ற நினைப்பிலேயே உட்கார்ந்துவிட்டாயே!

இன்னொன்று கேள். 1899இல் மத்தீஸ் கையில் காசில்லாதவர். குடும்பக்காரர். அந்த நிலையிலும் செசான் வரைந்த ஒரு சின்ன ஓவியத்தைக் கடன்பட்டாவது வாங்கினார். குளிக்கும் பெண்கள் மூவர். 37 வருடம் அதைத் தன்னோடு வைத்திருந்தார். 1936இல் பாரிஸ் நகரத்துக்கே கொடுத்துவிட்டார். சோர்ந்த போதெல்லாம் தன்னைத் தாங்கிப் பிடித்தது அந்தப் படம்தான் என்றார்.

மத்தீஸைத் தாங்கிய அந்த செசான் யார்? அங்கேதான் நம் பாடம் இருக்கிறது.

செசான் 1839இல் தெற்கு பிரான்ஸின் எக்ஸ் நகரில் பிறந்தவர். அப்பா வங்கி நடத்தினார், மகனைச் சட்டம் படிக்கச் சொன்னார். மகன் ஓவியம் என்றார். பாரிஸின் பெரிய கலைப்பள்ளி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அரசுக் கண்காட்சிக்கு வருடம் தவறாமல் படம் அனுப்பினார். வருடம் தவறாமல் திரும்பி வந்தது. ஒரே ஒரு முறை, 1882இல் ஏற்றார்கள்.

அவர் எதை வரைந்தார்? போர்க்களத்தையா? அரசனையா? ஆப்பிளை!

பிரெஞ்சுக் கலைக்கழகம் 17ஆம் நூற்றாண்டிலேயே ஓவியத்துக்கு வரிசை போட்டுவிட்டது. புராணமும் சரித்திரமும் தலைவாசலில். பிறகு உருவப்படம். பிறகு இயற்கைக் காட்சி. பழமும் பாத்திரமும் கடைசி வரிசையில்.

கடைசி வரிசை என்றால் உனக்குத் தெரியாதா? உன் பாடவேளைக்குப் பள்ளியில் எந்த வரிசை? கணக்கு ஆசிரியர் வாசலில் வந்து நின்றதும் யார் வகுப்பை விட்டு வெளியே போகிறார்?

அந்தக் கடைசி வரிசைப் பொருளைத்தான் செசான் எடுத்தார். ஓர் ஆப்பிளால் பாரிஸையே திகைக்க வைக்கிறேன் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். செய்தும் காட்டினார்!

எப்படி? பொறுமையால். அவர் தீட்டி முடிப்பதற்குள் பழம் அழுகிவிடும். பூ வாடிவிடும். காகிதப் பூக்களை வைத்து வரையும் அளவுக்கு மெதுவான கை. ஒரு தூரிகை வீச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவே பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார்.

அவருடைய ‘ஆப்பிள் கூடை’ சிகாகோவில் இருக்கிறது. படம் கிடைத்தால் பிள்ளைகளுக்குக் காட்டு. மேசையின் முன் விளிம்பைக் கவனிக்கச் சொல். இடது பக்கம் ஒரு கோடு. துணிக்கு அந்தப் பக்கம் வலதில் வேறு கோடு. சேரவே சேராது! புட்டி சாய்ந்து நிற்கிறது. ஆனாலும் ஒரு பழமும் உருண்டு விழவில்லை.

‘தப்பா வரைஞ்சிருக்காரு சார்!’ என்பார்கள் பிள்ளைகள். என்னிடம் சொன்னார்கள்.

அங்கே பிடி! ‘தப்பாகவா? அல்லது தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரா? நீ தலையை ஆட்டாமலா பார்க்கிறாய்?’ வகுப்பே தலையைத் திருப்பிப் பார்க்கும். ஒரு கண்ணை மூடிப் பார்க்கும். அந்த நிமிடம் நாற்பது பேரும் ஓவியர்கள்.

செசானின் முதல் தனிக் கண்காட்சி எப்போது தெரியுமா? 1895. வயது 56!

நீ முப்பத்தைந்தில் ‘இனிமேல் என்ன’ என்கிறாய். வாயைக் கழுவு!

1906 அக்டோபரில் வெளியே நின்று வரைந்துகொண்டிருந்தவரை மழை பிடித்தது. நனைந்து மயங்கி விழுந்தார். சலவைக்காரர் வண்டியில் தூக்கிப்போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் காலை எழுந்து மீண்டும் வரையப் போனார். சில நாளில் இறந்தார்.

மழை பெய்தால் டிராயிங் பீரியட் ரத்து என்கிறோமே, அப்போதெல்லாம் எனக்கு அந்த வண்டி நினைவுக்கு வரும்.

சரி, இந்த செசான் செய்த வேலையை ஏழாம் வகுப்பில் எப்படிச் செய்வது? சொல்கிறேன். இன்றே செய்.

முதலில் கறுப்புப் புட்டியைப் பூட்டி வை!

ஆமாம். சாவியை உன் சட்டைப் பையில் போட்டுக்கொள். ஒரு பருவம் முழுக்க வகுப்பில் கறுப்பு இருக்கக் கூடாது.

பிள்ளை நிழலைப் பார்த்ததும் கறுப்பைத் தேடும். நாம்தான் பழக்கினோம். மஞ்சள் எலுமிச்சைக்கு நிழல் போடக் கறுப்பைக் கலக்கும். என்ன ஆகும்? பாசி பிடித்த பச்சை! பழம் அழுகியது மாதிரி. ‘எனக்கு வராது சார்’ என்று பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடும்.

வரவில்லையா? அந்தப் பிள்ளைக்கு வந்தது. கறுப்புதான் கெடுத்தது!

மஞ்சளுக்கு எதிரே ஊதா. ஊதாவில் ஒரு சொட்டு மஞ்சளுக்குள் விடச் சொல். நிறம் அடங்கும், சாகாது. சிவப்புக்கு எதிரே பச்சை. நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு. எதிராளியைக் கொஞ்சம் கலந்தால் நிழல் தானாக வரும். அந்த நிழலுக்குள் வெளிச்சம் இருக்கும்.

கத்திரிக்காயைக் கொடு. கறுப்பு இல்லாமல் அந்தக் கருநீல ஊதாவை வரவழைக்கட்டும். நீலம், கிரிம்சன், அதில் நுனிப் பிரஷ் மஞ்சள். அரை மணி நேரம் கலப்பார்கள். சிந்துவார்கள். பெஞ்சைக் கெடுப்பார்கள். கெடுக்கட்டும்! துடைத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கவனம். ஸ்கார்லெட் சிவப்போடு நீலத்தைக் கலந்தால் ஊதா வராது, மண்ணாகும். கிரிம்சன் வாங்கு. இது தெரியாமல் நான் எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன்!

அடுத்து, பென்சிலைப் பிடுங்கு. ரப்பரையும்.

ரப்பர் இருக்கும்வரை பிள்ளைக்கு ஒரே ஒரு கவலை. அழித்துவிடலாம், அழித்துவிடலாம். பக்கம் கிழியும்வரை அழிக்கும். ஒரு பீரியட் முடியும். தாளில் ஒன்றுமே இருக்காது.

நேராகப் பிரஷ். தண்ணீர் அதிகம், மஞ்சள் கொஞ்சம். அதில் சொம்பை ஒரே இழுப்பில் வரையட்டும். கோணலானால்? பக்கத்திலேயே இன்னொரு கோடு. இரண்டும் இருக்கட்டும். செசானின் மேசைக்கே இரண்டு விளிம்பு, உன் சொம்புக்கு இருந்தால் என்ன?

பிறகு ஓர் எவர்சில்வர் டம்ளரை எடு. ‘இதற்கு என்ன நிறம்?’ என்று கேள்.

‘சில்வர்!’ என்று கத்துவார்கள்.

டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு தக்காளியை வை. மறுபக்கம் நீல நோட்டு அட்டையை வை. இப்போது கேள். எங்கே சில்வர்? ஒரு பக்கம் சிவப்பு வழிகிறது. மறுபக்கம் நீலம். நடுவில் ஜன்னல் வெள்ளையாக வளைந்து நிற்கிறது. அடியில் மேசையின் பழுப்பு.

டம்ளருக்கென்று நிறமே இல்லை! பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் நிறம்!

நான் இதைச் செய்த முதல் நாள் ஒரு பையன் எழுந்து வந்து டம்ளரில் தன் முகத்தைப் பார்த்தான். பிறகு தன் சீருடையின் காக்கி நிறத்தையும் படத்தில் தீட்டினான். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. பார்த்தான், அவ்வளவுதான்.

நிறத்தைப் பக்கத்து நிறம் மாற்றும் என்பது கலைஞர்களின் கற்பனை என்று நினைக்காதே. ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கண்டது அது. கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பகுதிக்கு அவர்தான் தலைவர். கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது, சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. சோதித்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை! பக்கத்தில் நெய்த நிறம்தான் அதை மங்கடித்தது. 1839இல் புத்தகமே எழுதினார். பின்னால் வந்த ஓவியர்கள் அதை விடவில்லை.

நீ பரிசோதனைக்கூடம் கேட்காதே. சாம்பல் நிறக் காகிதத்தில் இரண்டு சின்னச் சதுரம் வெட்டு. ஒன்றைச் சிவப்புத் தாளில் ஒட்டு. மற்றதைப் பச்சைத் தாளில் ஒட்டு. வகுப்பைக் கேள். சிவப்பின் மேல் இருப்பது பச்சை தட்டும். பச்சையின் மேல் இருப்பது சிவப்பு தட்டும். ‘இரண்டும் ஒரே தாள்’ என்றால் நம்ப மாட்டார்கள். பிய்த்துக் காட்டு!

ஜோசப் ஆல்பர்ஸ் அமெரிக்காவில் இப்படித்தான் வண்ணத்தைக் கற்பித்தார். பெரிய பல்கலைக்கழகத்து வகுப்பு. அங்கேயும் வண்ணக் காகிதமும் கத்தரிக்கோலும் பசையும்தான்! 1963இல் அந்த அனுபவத்தை நூலாக்கினார்.

‘காசில்லை’ என்று இனி வாயைத் திறக்காதே.

வான் கோவுக்குக் காசிருந்ததா? 27 வயதில்தான் ஓவியன் ஆகிறேன் என்று முடிவெடுத்தார். அதற்கு முன் ஓவியக் கடையில் வேலை, பள்ளியில் உதவி ஆசிரியர், புத்தகக் கடை, மதப் பிரசாரம். எதுவும் நிலைக்கவில்லை. 1885இல் அவர் வரைந்த ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ முழுக்க மண் நிறம். இருட்டு.

1886இல் பாரிஸ் வந்தார். உட்கார வைத்து வரைய ஆளுக்குக் காசு கொடுக்க வழியில்லை. என்ன செய்தார்? பூவை வரைந்தார். ஜாடியில் வைத்த பூ. ஒன்றல்ல, ஒரு கோடைகாலம் முழுக்கப் பூ. சிவப்புக்கு எதிரே பச்சை, நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு என்று தன்னைத்தானே பயிற்றுவித்தார். இரண்டே வருடத்தில், 1888 ஆகஸ்டில், ஆர்ல் நகரில் சூரியகாந்திகள்! மஞ்சளின் மேல் மஞ்சள்!

அந்த மஞ்சள் வானத்திலிருந்து விழவில்லை. காசில்லாத கோடையில் பிறந்தது.

அவர் வைத்திருந்த ஒரு சின்னப் பெட்டி இன்னும் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. உள்ளே வண்ணக் கம்பளி நூல் உருண்டைகள். எந்த நிறம் எந்த நிறத்தோடு நிற்கும் என்று நூலை நூலோடு முறுக்கிப் பார்ப்பார்.

உன் தெருவில் தையற்கடை இருக்கிறதா? இருக்கும். மாலையில் போய் நில். வெட்டுத்துணியை ஒரு பையில் கேள். சும்மாவே கொடுப்பார்கள். ஜாக்கெட் துணியில் இல்லாத நிறம் உலகத்தில் உண்டா? நாற்பது பிள்ளைக்கும் நாற்பது கைப்பிடி. துணியை அடுக்கி முதலில் நிறத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். பிறகு பிரஷ்.

சார்ட் பேப்பர் விலையா? நோட்டுக்கு அட்டை போடுகிற பிரவுன் பேப்பர் போதும். போஸ்டர் கலர் அதில் வெள்ளைத் தாளைவிட நன்றாகவே எழும். மஞ்சள், கிரிம்சன், அல்ட்ராமரைன் நீலம், வெள்ளை. நாலே புட்டி! வகுப்புக்கு நாலே புட்டி!

அதுவும் இல்லையா? கத்தரிக்கோல் இருக்கிறதா? 1941இல் மத்தீஸுக்கு வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை. 71 வயது. பிறகு நின்று வரைய உடம்பு இடம் கொடுக்கவில்லை. படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி, வண்ணம் பூசிய காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினார். வெட்டி ஒட்டியே தன் கடைசிக் கால வேலைகளைச் செய்தார்.

எழுந்து நிற்க முடியாத மனிதர்! நீ நிற்கிறாய். நடக்கிறாய். மாடிப்படி ஏறுகிறாய். உனக்கு என்ன குறை?

இங்கே ஓர் எச்சரிக்கை. உனக்கு உற்சாகம் வந்து, ‘எப்படி வேண்டுமானாலும் அப்புங்கள், அதுதான் மாடர்ன் ஆர்ட்’ என்று பிள்ளைகளை விட்டுவிடாதே.

மத்தீஸ் 1908இல் ஒரு பள்ளி தொடங்கினார். அவரை மகிழ்விக்க மாணவர்கள் கன்னாபின்னாவென்று வண்ணத்தை அப்பி வைத்திருந்தார்களாம். அவர் பார்த்தார். ஒரு பழைய சிலையின் வார்ப்பைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். முதலில் இதைப் பார்த்து வரையுங்கள் என்றார். அங்கே இருந்தவர்கள் சொல்லிவைத்த செய்தி இது.

எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். ‘காட்டு விலங்கு’ என்று பெயர் வாங்கியவர் சோம்பேறித்தனத்தைப் பொறுக்கவில்லை!

பிள்ளை கத்திரிக்காயை ஆரஞ்சாகத் தீட்டினால் சுழி போடாதே. ஆனால் கேள். ‘ஏன் ஆரஞ்சு? பக்கத்தில் எது நீலம்? இந்த இடத்தில் ஏன் கையை நிறுத்தினாய்?’ அவனிடம் பதில் இருந்தால் அது ஓவியம். இல்லையென்றால் திரும்பவும் பார்க்கட்டும். பத்துத் தடவை பார்க்கட்டும்!

ஒரே சொம்பை மூன்று முறை தீட்டச் சொல். பசியோடு இருக்கும்போது. திருவிழா அன்று. வீட்டில் சண்டை நடந்த இரவில். வடிவம் அதே. நிறம் மட்டும் மாறட்டும். அன்று பிள்ளைகளின் தாளைப் பார்க்கும்போது மனதைத் திடப்படுத்திக்கொள். ஒரு பிள்ளை சொம்பை எந்த நிறத்தில் தீட்டியிருக்கிறது என்பதில் அதன் வீடே தெரியும்.

நாம் கொடுத்த மலையில் எதுவுமே தெரிந்ததில்லையே!

‘நான் எந்த அருங்காட்சியகத்தைப் பார்த்தேன்? பாரிஸுக்கா போனேன்?’

ஓவியர் மொராண்டி எங்கே போனார்? இத்தாலியின் போலோன்யா ஊர்க்காரர். சகோதரிகளோடு ஒரே வீட்டில் பல பத்தாண்டுகள். ஓர் அறை. அதில் புட்டிகள், குடுவைகள், டப்பாக்கள், அவற்றின் மேல் தூசி. 1964இல் கண்ணை மூடும்வரை அவற்றையே மாற்றி மாற்றி அடுக்கி வரைந்தார். அறுபது வயது தாண்டும்வரை இத்தாலியைத் தாண்டியதில்லை.

அவர் வேலை என்ன தெரியுமா? இளமையில் பல வருடம் தொடக்கப் பள்ளிகளில் டிராயிங் மாஸ்டர்!

உன் வேலை! அதே வேலை!

அப்புறம், தூரதேசக் கதை வேண்டாம் என்றால் நம் சென்னைக்கு வா. கே.சி.எஸ். பணிக்கர் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பத்துக்காகத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். இருபத்தைந்து வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பின்னாளில் அதே பள்ளிக்கு முதல்வர். தன் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார். அப்போது அது வெறும் மணல்வெளி. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கி, வீடு கட்டி, வரைந்தார்கள்.

அந்த இடம் இன்றும் இருக்கிறது. உள்ளே படங்களும் சிற்பங்களும் இருக்கின்றன. பஸ் ஏறினால் போய்விடலாம். அடுத்த விடுமுறையில் போ! ஒரு படத்துக்கு முன்னால் கால் மணி நேரம் நில். புரியவில்லை என்றால் இன்னொரு கால் மணி நேரம் நில்.

நேரம் இல்லை என்கிறாயா? கணக்கு ஆசிரியர் பீரியடைக் கேட்கிறார், மறுக்க முடியவில்லை என்கிறாயா?

ஏன் கேட்கிறார் தெரியுமா? உன் வகுப்பில் நீயே இல்லை. மலையை வரைந்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டாய். காலியான இடத்தைத்தான் யாரும் கேட்பார்கள்!

நாற்பது பிள்ளைகள் பிரஷ்ஷும் கையுமாக, மூச்சுவிடாமல் ஒரு சொம்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் அறைக்குள் வந்து பீரியடைக் கேட்க எவருக்கும் வாய் வராது. நான் கண்ணால் கண்டேன். வாசல்வரை வந்தவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் தன் மகளின் படத்தைக் கொண்டுவந்து காட்டினார்.

இன்னும் ஒரே ஒரு சாக்கு பாக்கி. அதைத்தான் நீ வெளியே சொல்ல மாட்டாய். நான் சொல்கிறேன்.

பிள்ளைகள் முன்னால் நீ வரைந்து, அது கெட்டுப்போனால்?

இதுதானே? இவ்வளவு நேரம் காசு, நேரம், மாடர்ன் ஆர்ட் என்று சுற்றிச் சுற்றி வந்ததெல்லாம் இதற்குத்தானே?

கெட்டுப்போகும். உறுதியாகச் சொல்கிறேன், முதல் நாள் கெட்டுப்போகும்! எனக்குக் கெட்டது. சொம்பின் கழுத்து ஒரு பக்கம் வீங்கிவிட்டது. பித்தளை மஞ்சள், சேற்று நிறமானது. பின் பெஞ்சில் சிரிப்புச் சத்தம். காது மடல் கொதித்தது.

அந்தத் தாளைக் கிழிக்கலாமா என்று கை துடித்தது. கிழிக்கவில்லை. ‘எங்கே தப்பு, சொல்லுங்கள்’ என்றேன்.

ஒரு கணம் அமைதி. பிறகு ஒருவன், ‘நிழல்ல ஊதா வைங்க சார்.’ இன்னொருத்தி, ‘பின்னாடி துணி நீலமா இருந்தா சொம்பு முன்னாடி வரும்.’ சொன்னபடி வைத்தேன். சொம்பு வந்தது! கோணல்தான். ஆனால் மேசையை விட்டு எழுந்து வந்தது.

அன்றுவரை ‘எனக்கு வராது’ என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் அதற்குப் பிறகு அப்படிச் சொல்லவில்லை. சாருக்கே வரவில்லை, பிறகு வந்தது. கண்ணெதிரே பார்த்துவிட்டார்கள் அல்லவா?

தூக்குவாளியைச் சிவப்பாகத் தீட்டிய அந்தப் பெண் அந்த வகுப்பில் இல்லை. எப்போதோ பள்ளியை முடித்துப் போய்விட்டாள். அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குச் சொல்ல வேண்டியதை உனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எழு!

நாளை முதல் மணி அடிக்குமுன் போ. மேசையை ஜன்னலோரம் இழு. அந்த ஒரு ஜன்னலைத் திற, மற்றதை எல்லாம் சாத்து. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழ வேண்டும்.

வீட்டிலிருந்து பித்தளைச் சொம்பைக் கொண்டுவா. புளி போட்டுத் தேய்க்காதே, கறை இருக்கட்டும். இரண்டு எலுமிச்சை. ஒரு கத்திரிக்காய். அடியில் ஒரு சிவப்புத் துண்டு, மடிப்பு விழும்படி.

பிரவுன் பேப்பரைக் கரும்பலகைமேல் குத்து. மலையை வரைந்த அதே இடத்தில்! சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள். பிரஷ்ஷை நனை.

பிள்ளைகள் வருவார்கள். பார்ப்பார்கள். சிரிக்கவும் செய்வார்கள். நீ வரைந்துகொண்டே இரு.

யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: ‘சொம்புக்கு என்ன கலர்?’

பதில் சொல்லாதே. உன் பிரஷ்ஷை அந்தக் கையில் கொடு.